அட்ஜஸ்ட் செய்வது யார்?

பெங்களூருக்குப் பிழைக்க வந்த தமிழன் முதன்முதலில் கற்கும் கன்னடம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பதுதான். நடுவில் நிற்பது இங்கிலீஷ் வார்த்தை என்பதைக்கூட யாரும் நினைப்பதில்லை. மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, இருவர் சீட்டில் மூன்றாவது ஆளாக ஒண்டும்போது இதைச் சொல்கிறோம். முனகிக்கொண்டாவது நகர்ந்து இடம் தருகிறார்கள்.

இந்த வார்த்தையின் பூர்வீகம் லத்தீன். 'அருகில்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷில் புகுந்தது. ஆகவே நெருங்கி உட்காரச் சொல்லும் நம்மவர்தான் இதன் ஆதிப் பொருளை அறிந்தவர் எனலாம்!

தொழிற்சாலையில் இதற்கு வேறு பொருள். எச்.எம்.டி.யிலும் ஐ.டி.ஐ.யிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களைக் கேளுங்கள். யந்திரத்தை அட்ஜஸ்ட் செய்வதென்றால் மயிரிழை பிசகாமல் சரிசெய்வது என்பார்கள். பஸ்ஸில் முன்னே பின்னே இருக்கலாம், பட்டறையில் கூடாது. ஆபீசில் லீவு கேட்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்று பதில் வந்தால் லீவு இல்லை என்று அர்த்தம்.

இவையெல்லாம் சிரிப்பதற்கு. வீட்டு அட்வான்ஸ் விஷயத்தில்தான் வயிறு எரிகிறது.

இந்த ஊரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வெகுகால வழக்கம். எனக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தா, மாதம் 10,000 ரூபாய் வாடகைக்கு 1,00,000 ரூபாய் கட்டிக் குடியிருந்தார். காலி செய்யப்போவதாகச் சொன்னதும், "கடைசி இரண்டு மாதம் வாடகை தரவேண்டாம், அட்வான்ஸில் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம்" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனிதர் என்று இவர் மகிழ்ந்தார். மீதி 80,000 கைக்கு வருமென்று மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் குறித்தும் விட்டார். சாவியைக் கொடுத்த பிறகு கிடைத்தது 45,000. பெயிண்டுக்கு 10,000, குழாய், கதவு, மின்விசிறி என்று 25,000. எல்லாம் "அட்ஜஸ்ட்" ஆகிவிட்டதாம். முன்பு சொன்ன அதே வார்த்தைதான். ஒன்று வாடகைக்கு ஈடு செய்வது, மற்றது பிடித்தம். (வீட்டுக்காரரும் நம் தமிழர்தான். அவரை விட்டு மற்றவரைப் பழிப்பதில் நியாயமில்லை.)

மத்திய அமைச்சரவை 2021-ல் ஒப்புக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அது மாதிரிதான்; அந்தந்த மாநிலம் சட்டமாக்கினால்தான் செல்லும்.

பஸ்ஸில் தாராளமாக அட்ஜஸ்ட் செய்யுங்கள். வாடகைப் பத்திரத்தில் மட்டும் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, எதற்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று தொகையோடு எழுதச் சொல்லுங்கள். குடிபோகும் அன்றே குழாய், கதவு, மின்விசிறிகளைப் பார்த்து ஒரு பட்டியல் போட்டு, அதில் வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். நமது குமாஸ்தா புது வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறார்.