9 நாள் தாமதம்

புண் ஆறவில்லை என்றால் முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயதைக் கேட்பார்கள், சாப்பாட்டைக் கேட்பார்கள். "வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்பவர்கள் அபூர்வம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு தம்பதி இந்தக் கேள்வியைச் சோதனைக்கே கொண்டுபோனார்கள். ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் உளவியலாளர். அவருடைய கணவர் ரொனால்ட் கிளேசர் வைரஸ்களையும் நோய் எதிர்ப்பையும் ஆராய்ந்தவர்.

மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்கள் அந்தச் சோதனைக்கு முன்வந்தார்கள். வயதிலும் குடும்ப வருமானத்திலும் அவர்களை ஒத்த, ஆனால் அப்படியொரு பொறுப்பு இல்லாத 13 பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறிய புண். அதைப் படம் எடுத்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தார்கள். நுரை வராவிட்டால் தோல் மூடிவிட்டது என்று கணக்கு. 1995-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பொறுப்பில்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறிய புண், நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஆற 48.7 நாள் ஆனது.

வயதானவர்கள், பல காலமாகச் சுமப்பவர்கள், அதனால்தான் என்று தோன்றலாம். அதே குழு அடுத்துப் பல் மருத்துவ மாணவர்களிடம் போனது. 11 பேர். கோடை விடுமுறையில் மேலண்ணத்தின் ஒரு பக்கம் ஒரு சிறு புண். பிறகு, பெரிய தேர்வுக்கு 3 நாள் முன்னால் மறுபக்கம் இன்னொன்று. அதே ஆள், அதே வாய். தேர்வுக் காலத்துப் புண் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது. இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள், பழகிப்போன தேர்வு. ஆனாலும் ஒருவருக்குக்கூடத் தேர்வு நேரத்தில் விடுமுறையைப்போல வேகமாக ஆறவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை கருதியதும் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, செரிமானம் தள்ளிப்போடப்படுகிறது. ஹார்வர்டின் வால்டர் கேனன் 1915-லேயே இதை ஒரு நூலாக எழுதிவிட்டார். கூடவே இன்னொரு சங்கிலியும் ஓடுகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பியைத் தூண்டுகிறது, அது கார்ட்டிசாலைச் சுரக்கிறது. சிறிது நேரத்துக்கு இவை எல்லாம் உயிர்காக்கும் ஏற்பாடுகள்.

கார்ட்டிசால் அழற்சியை அடக்கும். அரிப்புக்கும் மூட்டு வீக்கத்துக்கும் ஸ்டீராய்டு கொடுப்பது இந்தக் குணத்துக்காகத்தான். ஆனால் புண் ஆறும் வேலை அழற்சியில்தான் தொடங்குகிறது. சிவந்து வீங்கும் அந்த முதல் சில நாள்களில்தான் வெள்ளை அணுக்கள் வந்து கிருமியை அழித்து, புதுத் தோலுக்கு இடம் தயார் செய்கின்றன. அவற்றை அழைக்கும் செய்திப் பொருள்களில் ஒன்று இன்டர்லூக்கின்-1. பராமரிப்பாளர்களின் ரத்த அணுக்களிலும் தேர்வெழுதிய மாணவர்களின் ரத்த அணுக்களிலும் அதன் உற்பத்தி குறைந்திருந்தது.

13 பேர், 11 பேர் என்பவை சின்ன எண்ணிக்கைகள்தான். அதனால் கிளேசர் தம்பதி அங்கே நிற்கவில்லை. 2005-ல் 42 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வில், சண்டை கிளப்பும் விஷயத்தைப் பேசிய தடவை கையில் உண்டாக்கிய கொப்புளம், ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசிய தடவையைவிட மெதுவாக ஆறியது.

இதையெல்லாம் நம் வீடுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். படுக்கையில் இருக்கும் மாமியாரையோ நினைவு தப்பிய அப்பாவையோ பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான். பார்க்க வருபவர்கள் நோயாளியை நலம் விசாரித்துவிட்டு, "நேரத்துக்கு மாத்திரை கொடும்மா" என்று அவளுக்கு இன்னொரு வேலை சொல்லிவிட்டுப் போகிறார்கள். அசதி என்று அவள் சொன்னால், "எல்லாம் மனசுதான், தைரியமா இரு" என்பது பதில். அது மனசோடு நிற்பதில்லை என்பதைத்தான் அந்தப் புண்கள் காட்டின.

ஆகவே, பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் நாளில் கூட வருபவரின் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடலாம். ராத்திரி தூக்கம் எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் கேட்கலாம். பார்த்துக்கொள்பவருக்கே பித்தப்பைக் கல்லுக்கோ கண்புரைக்கோ அறுவை சிகிச்சை என்றால், வீட்டுக்குத் திரும்பியதும் பெரியவரை யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். வெளியூரில் இருந்து மாதாமாதம் பணம் அனுப்பும் அண்ணன் தம்பிகள் வருடத்துக்கு இரண்டு வாரமாவது நேரில் வந்து, மாத்திரை, குளியல், ராத்திரிக் கண்விழிப்பு அத்தனையையும் தாங்களே ஏற்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் அவள் அந்த வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது.