கொமியூனிகேஷன் கடையில் விட்டு வந்தவை

நாற்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்குக் கொமியூனிகேஷன் கடை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலும் மாத்தளை, குருநாகல் வீதிகளிலும் அப்போது வரிசையாக இருந்தன. கண்ணாடிக் கதவு போட்ட தொலைபேசிக் கூண்டு, பேக்ஸ் மெஷின், போட்டோ கொப்பி, லெமினேட்டிங். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கடைகளின் மூலையில் ஒரு கொம்பியூட்டரும் வந்து உட்கார்ந்தது. இலங்கையில் இன்டர்நெட் வணிகச் சேவையாகத் தொடங்கியது 1995 இல். அதற்கு முன்பே பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் பல்கலைக்கழகங்களுக்குள் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பேராதனை வளாகத்துக்கு வெளியே இருந்த சனத்துக்கு இன்டர்நெட் கிடைத்தது இந்தக் கடைகளின் வழியாகத்தான்.

அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை என்பது என் மனக்குறை. மகள் குவைத்திலோ ரியாதிலோ வீட்டு வேலையில் இருப்பாள். தாய் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து டவுனுக்கு வருவாள். கடைப் பையன் அவளுக்கு ஒரு ஈமெயில் கணக்குத் திறந்து கொடுப்பான். பாஸ்வேர்டைத் தெரிவு செய்வதும் அவன்தான், அதைக் கொப்பியில் எழுதி வைப்பதும் அவன்தான். தாய் சொல்லச் சொல்ல அவன் தட்டுவான். பதில் வந்தால் அவனே வாசித்துக் காட்டுவான். மகள் அனுப்பிய காசு எவ்வளவு, மருமகன் அதைக் குடித்து அழிக்கிறானா, அங்கே எசமானி அடிக்கிறாளா, இத்தனையும் இருபது வயதுப் பையன் ஒருவனுக்குத் தெரியும். பின்னால் நிற்கிற வரிசைக்கும் பாதி கேட்கும்.

அவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் பெரும்பாலான பையன்கள் மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஊருக்குப் பயந்தார்கள், அந்த அம்மாவின் முகத்துக்கு வெட்கப்பட்டார்கள். அவர்களை நான் மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி நடந்த ஏற்பாடு அது. நல்ல குணம் இல்லாத ஒருவன் கையில் ஒரு பெண்ணின் படமோ கடிதமோ அகப்பட்டபோது அவளைக் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை.

உலகம் முழுவதும் நிலைமை அப்படித்தான் இருந்தது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற வைரஸ் புறப்பட்டு, கோடிக்கணக்கான கொம்பியூட்டர்களைப் பிடித்தது. சந்தேக நபரைக் கண்டுபிடித்தும் பிலிப்பைன்ஸ் அரசால் தண்டிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தச் செயலைக் குற்றம் என்று சொல்லும் சட்டமே அங்கே இருக்கவில்லை. அடுத்த மாதமே அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது முன்னால் நடந்ததற்குச் செல்லாது.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒரு வழக்கு இன்னும் அதிகம் சொல்கிறது. சென்னையில் விவாகரத்தான ஒரு பெண்ணைக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர் திருமணம் செய்ய விரும்பினார். அவள் மறுத்தாள். அந்த ஆள் அவள் பெயரில் யாஹூ குழுக்களில் ஆபாசமான செய்திகளைப் போட்டு, அவளுடைய தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்துவிட்டார். முன்பின் தெரியாத ஆண்கள் இரவு பகலாக அழைத்தார்கள். 2004 பெப்ரவரியில் அவள் பொலிஸுக்குப் போனாள். அதே ஆண்டு நவம்பர் 5 ஆம் திகதி எழும்பூர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து இரண்டு வருடக் கடூழியச் சிறை விதித்தது. இந்தியாவின் 2000 ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 ஆம் பிரிவின் கீழ் கிடைத்த முதல் தண்டனை என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு இது. அந்த வழக்கில் நெட் கபே உரிமையாளர்களும் சாட்சி சொன்னார்கள். யார் வந்து உட்கார்ந்தார் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது குற்றத்தை நிரூபிக்க உதவியது. ஆகவே, கடைக்காரர் எதையும் தெரிந்து வைத்திருக்கக் கூடாது என்று நான் வாதாட வரவில்லை. தெரிந்ததை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யாரிடம் கொடுக்கலாம், யார் அதற்குப் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

இலங்கையில் அந்தக் கேள்விக்கு நீண்ட காலம் பதில் வரவில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் 2008 இல் நடைமுறைக்கு வந்தது. அனுமதியில்லாமல் ஒருவரின் கொம்பியூட்டருக்குள் புகுவதும், தன்னிடம் நம்பிக் கொடுத்த பாஸ்வேர்டை வெளியே விடுவதும் அதில் குற்றம். நல்ல சட்டம்தான். ஆனால் அது பூட்டை உடைத்து வருகிறவனைத்தான் பிடிக்கும். நாம் நம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பதை அது பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்தரங்கப் படங்கள் பரவிய முறைப்பாடுகளில் பொலிஸார் எடுத்து நீட்டியது பெரும்பாலும் 1927 ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டத்தை. அச்சகங்களை மனதில் வைத்து வெள்ளைக்காரன் காலத்தில் செய்த சட்டம் அது. படம் ஆபாசமா என்றுதான் கேட்கும், படத்தில் இருப்பவளின் சம்மதம் உண்டா என்று கேட்காது.

சரி, இன்றைக்கு வருவோம். தொலைபேசிக் கூண்டு போய்விட்டது, கடை போகவில்லை. அண்மையில் ஒரு விண்ணப்பத்துக்காக அடையாள அட்டையை ஸ்கேன் பண்ணப் போனேன். எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லாக் கடையிலும் இதுதான் நிலைமை. ஸ்கேன் பண்ணியது திரையில் விழுந்தபோது பக்கத்தில் கிடந்ததையும் பார்த்தேன். அடையாள அட்டைகள், பாஸ்போர்ட் பக்கங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், யாரோ ஒருவரின் இரத்தப் பரிசோதனை அறிக்கை. மவுசை உருட்ட உருட்டக் கீழே போய்க்கொண்டே இருந்தது. "என்னுடையதை அழிச்சிடுங்க தம்பி" என்றேன். "அது அப்படியே கிடக்கும் அக்கா, யாரும் தொடமாட்டாங்க" என்றான். கெட்ட பையன் இல்லை. அழிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஓர் அடையாள அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இலக்கத்தைப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 ஐக் கூட்டிவிடுவார்கள். 78545 என்று ஓர் இலக்கம் தொடங்கினால், 1978 பெப்ரவரி 14 ஆம் திகதி பிறந்த பெண் என்று கணக்குத் தெரிந்த எவரும் சொல்லிவிடலாம். 2016 முதல் வருகிற 12 இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டை மட்டும் முழுதாகப் போடுகிறார்கள். பெயரும் முகவரியும் படமும் அதே அட்டையில் இருக்கின்றன. ஒருவர் பெயரில் சிம் எடுக்கவோ கடன் எடுக்கவோ வேறென்ன வேண்டும்?

தனிப்பட்ட விபரம் என்பதெல்லாம் பணக்கார நாடுகளின் கவலை என்று சிலர் சொல்கிறார்கள். இந்த நாட்டில் வாழும் தமிழர் அப்படிச் சொல்லக் கூடாது. 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீதியில் எந்த இலக்க வீட்டில் தமிழர் இருக்கிறார் என்று அவர்களுக்கு வழி காட்டியது அந்தக் கடதாசிதான். போர்க்காலத்தில் கொழும்பில் தங்கிய தமிழர்கள் தங்கள் குடும்ப விபரத்தைப் பொலிஸில் பதிந்துவிட்டு, அந்தத் துண்டைப் பத்திரமாகப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். ஒரு நல்ல நோக்கத்துக்காகச் செய்த பட்டியல் எப்படி வேறு கைக்குப் போகும் என்று நமக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சபாநாயகர் கையொப்பமிட்டது அந்த ஆண்டு மார்ச் மாதம். எதற்காக வாங்கினார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், அழிக்கச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு, மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 ஆம் திகதி அமுலுக்கு வர இருந்தன. மூன்று வருட அவகாசம் போதவில்லையாம், அந்தத் திகதியையும் ஒத்திவைத்தார்கள்.

அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய அதே பாராளுமன்றம் 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவும் 9 ஆம் இலக்கச் சட்டம்தான். ஊடகவியலாளர்களும் சட்டத்தரணிகளும் எதிர்த்தார்கள். பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட்டார், அன்றே அது சட்டமாகியது. நாம் என்ன பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறிய பின் நடைமுறைக்கு வர ஒரு வாரமளவு போதுமாக இருந்தது. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிராகத் திகனையில் தொடங்கிய வன்முறைத் தீ கட்டுகஸ்தோட்டை, அக்குறணை வரை வந்தபோதும் அரசுக்குத் தெரிந்த வழி பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரம் நிறுத்துவதுதான். அப்போது அவற்றில் பரவிய வெறுப்புப் பேச்சுக்கு நான் ஒருநாளும் பரிந்து பேசமாட்டேன், அன்று கடைகளை இழந்த முஸ்லிம் சகோதரர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் வாயை மூடுவதில் காட்டுகிற வேகத்தில் கால்வாசியை நம் விபரங்களைக் காப்பதில் காட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது. இப்போது இந்தியாவின் நிதி உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டையும் வருகிறது. முகம், கைரேகை, கருவிழி எல்லாம் எடுப்பார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்கு முன்னால் ஒருவருடைய கைரேகையையும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தச் சட்டம் முழுமையாக வரும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். கடை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து நாள்தோறும் கடை மூடுமுன் வாடிக்கையாளரின் ஸ்கேன்களை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்கள், ஐந்து நிமிட வேலை. வட்ஸ்அப்பில் வாங்கியவற்றையும் மறக்காதீர்கள். வாசகர்களே, அட்டைப் பிரதியைக் கொடுக்கும்போது அதன் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஸ்கேன் முடிந்ததும், உங்கள் கண்முன்னாலேயே அழிக்கச் சொல்லி, அழித்த பிறகு காசைக் கொடுங்கள்.