நாட்டுக்கு நாடு துணை

விழுப்புரம் மாவட்டத்து வல்லம், திண்டிவனம் பகுதிகளில் உழவர்கள் ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழ்பவர்கள். மேலேரி நிறைந்தால், மிகுந்த நீர் கலிங்கு வழியே வழிந்து கீழேரியைச் சென்று சேரும். மேலேரியின் கரை உடைந்தாலோ, அவ்வெள்ளம் கீழேரியின் கரையையும் தாக்கும். ஆதலின், அண்டை ஊரின் ஏரிக்கரை உடையும் வேளையில் மண்வெட்டியுடன் விரைந்து செல்வது அறமும் ஆகும், தற்காப்பும் ஆகும். ஊர்களுக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாடுகளுக்கும் பொருந்தும். இலங்கை இதற்குத் தக்க சான்றாகும்.

2022ஆம் ஆண்டில், விடுதலை பெற்ற நாள்முதல் கண்டிராத பொருளாதார நெருக்கடியில் இலங்கை வீழ்ந்தது. 2019இல் வரிகள் குறைக்கப்பட்டமையால் அரசின் வருவாய் சுருங்கியது. கொரோனாப் பெருந்தொற்றால் சுற்றுலாப் பயணிகளின் வருகை அற்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டமையால் விளைச்சல் குன்றியது. அயல்நாட்டுச் செலாவணி தீர்ந்தது. எரிபொருளுக்காக மக்கள் நெடுநேரம் வரிசையில் காத்து நின்றனர். அச்சிடத் தாள் இன்மையால் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், அயல்நாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அந்நாட்டரசு அறிவித்தது.

அந்நிலையில் இந்தியா, அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் பிற உதவிகளும் வழங்கிற்று. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை அனுப்பத் தமிழகம் முன்வந்தது. முதலில் ஈழத்தமிழருக்கு உதவவே எண்ணம் எழுந்தது. ஆனால், தமிழருக்கென்று பிரித்து அனுப்பாமல் இலங்கை மக்கள் அனைவருக்கும் அனுப்புமாறு அங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டனர். நெடுங்காலப் போரின் புண் ஆறாத மக்கள், பசிக்கு இனமில்லை என்று உலகிற்கு உணர்த்திய பெருமை இது. 2022 மே 18ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற் கப்பல் புறப்பட்டது.

‘தனக்கு மிஞ்சியே தானம்’ என்பது பழமொழி. நம் நாட்டிலேயே வறியோர் பலர் இருக்க, பிறநாட்டிற்கு வழங்குதல் தகுமோ என்று சிலர் வினவுவர். அவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது. எனினும், நாமும் ஒருகாலத்தில் ஏற்றவர்களே என்பதை மறத்தலாகாது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்த கோதுமையே இந்தியரின் பசியைத் தணித்தது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையும் வந்தது. உணவு அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியமும், எம். எஸ். சுவாமிநாதன் முதலிய அறிவியலாரும், எண்ணற்ற உழவரும் அவ்விதையைப் பயன்கொண்டு விளைச்சலைப் பெருக்கினர். உண்ண வந்த கோதுமை உண்டவுடன் தீர்ந்தது. விதைக்க வந்த கோதுமையோ நாட்டை நிமிர்த்தியது.

உதவியின் தரத்தை அறிய இதுவே அளவுகோல். பசித்த வேளைக்குச் சோறு வேண்டும். அதன்பின் தானே விளைவிக்கும் வலிமை வேண்டும். இந்தியா 2022 ஜூலையில் இலங்கைக்கு 44,000 டன் யூரியா வழங்கியது இவ்வகையில் சிறந்த செயலாகும். 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் கடனுதவிக்கு இசைந்தது. கடன் கொடுத்த நாடுகளின் குழுவிற்கு இந்தியா, ஜப்பான், பிரான்சு ஆகியவை தலைமையேற்று, தவணைகளைத் திருத்தியமைக்க 2024 ஜூனில் உடன்பாடு கண்டன. 2022 செப்டம்பரில் ஏறத்தாழ 70 விழுக்காடாயிருந்த விலையேற்றம், அடுத்த ஆண்டிலேயே ஒற்றை இலக்கத்திற்கு இறங்கியது.

ஆயினும், கடனுதவியோடு வந்த வரிகளும் மின்கட்டண உயர்வும் ஏழைமக்களை வருத்தின. கரையை உயர்த்தும் சுமை முழுவதையும் மெலிந்தவர் தலைமேல் ஏற்றுவது முறையன்று. கொடுப்போர் இதனைக் கருதுதல் வேண்டும். ஏற்போரும், கரை உடைந்த காரணத்தை ஆராய்ந்து, வரவறிந்து செலவிடும் ஒழுங்கை மேற்கொள்ளுதல் வேண்டும். அண்டை ஊரார் ஒருநாள் மண் சுமந்து தருவர். ஆண்டுதோறும் கரையைக் காப்பது அவ்வூராரின் கடமையே ஆகும்.

இன்று ஏற்கும் நாடு நாளை வழங்கும் நாடாதல் கூடும். இந்தியாவின் வரலாறே அதற்குச் சான்று. அந்நிலைக்கு ஒரு நாட்டை உயர்த்துவதே உண்மையான துணையாகும்.