“தகாத வார்த்தை” அல்ல, சாதிப் பெயர்: பழைய மடிக்கணினியைத் தூசி தட்டுங்கள்



வன்கொடுமைப் புகார்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: “தகாத வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கினார்.” டைப்பிங் சென்டரில் ஏற்கெனவே இருக்கும் மாதிரி மனுவில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் வரும் வாக்கியம் இது. பாதிக்கப்பட்டவர் சொன்னது வேறாக இருக்கும். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினான், டீக்கடை வாசலில் நாலு பேர் பார்க்கத் திட்டினான் என்று சொல்லியிருப்பார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு கேட்பதும் அந்த இரண்டைத்தான்: சாதிப் பெயரால் திட்டப்பட்டாரா, அது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடமா? இவை மனுவில் இல்லையென்றால் வழக்கு முதல் நாளே பலவீனப்படுகிறது.

ஆகவே நம் மனுவை யார் தட்டச்சு செய்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. நாமே எழுத வேண்டும், நாமே சேமித்து வைக்க வேண்டும். அதற்குப் புது மடிக்கணினி தேவையில்லை. வீட்டுப் பரணில் கிடக்கும் பழையதே போதும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்கள் லட்சக்கணக்கானோர் மடிக்கணினி பெற்றார்கள். நம் தெருக்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுதான். இன்று அவற்றில் பல மூடிக் கிடக்கின்றன. கெட்டுப்போனவை சில. “ரொம்ப ஸ்லோ” என்று கைவிடப்பட்டவையே அதிகம் இருக்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஓடக் குறைந்தது 4 ஜிபி ராமும் டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். 2 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி அந்தக் கணக்கில் குப்பை. அந்தக் கணக்கை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

லினக்ஸில் இதற்கு வழி இருக்கிறது. பழைய கணினிகளுக்கென்றே உருவாக்கப்பட்ட ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் 1 ஜிபி ராமிலும் ஓடும். தன்னைப் பாசிச எதிர்ப்பு லினக்ஸ் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் திட்டம் அது. அதன் 19ஆம் பதிப்புக்கு மரியெல் ஃபிராங்கோவின் பெயரை வைத்தார்கள். 2018இல் சுட்டுக் கொல்லப்பட்ட ரியோ டி ஜெனிரோ நகரின் கறுப்பினப் பெண் கவுன்சிலர் அவர். சற்று வசதியான கணினி என்றால் எம்எக்ஸ் லினக்ஸ் அல்லது லுபுன்டு போடலாம். எதுவானாலும் முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம். அதற்குமுன் பழைய கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

அலுவலக வேலைக்கு லிப்ரெஆஃபீஸ். அதன் அமைப்புகளில் ஜாவா பயன்பாட்டை அணைத்துவிட்டால் சுமை கொஞ்சம் குறையும். ராமை அதிகம் விழுங்குவது பெரும்பாலும் பிரவுசர்தான். மனு எழுதும்போது அதை மூடிவிடுங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுங்கள். வேகத்தில் பெரிய மாற்றம் தெரியும். ஐபஸ், எம்17என் ஆகியவற்றை நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். யூனிகோடிலேயே எழுதுங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். வழக்கறிஞருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், பக்கம் கலையாது.

“செல்போனே போதுமே தோழர்” என்பீர்கள். புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் போதும். ஆனால் பத்துப் பக்க உண்மை அறியும் குழு அறிக்கையைப் போனில் திருத்திப் பாருங்கள், தெரியும். “கையால் எழுதினால் செல்லாதா?” தாராளமாகச் செல்லும். அவசரத்துக்கு அதுதான் சிறந்தது. ஆனால் வழக்கு ஒரு மனுவோடு முடிவதில்லை. 60 நாளில் புலன்விசாரணை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நிவாரணத் தொகை முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை எனக் கட்டம் கட்டமாக வருகிறது. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 30 நாள் கெடு. இவற்றையெல்லாம் லிப்ரெஆஃபீஸ் கால்க்கில் ஒரு அட்டவணையாகப் போடுங்கள். தேதி உள்ள கட்டத்தோடு 60ஐக் கூட்டினால் கெடு நாள் தானே வந்து நிற்கும். அந்தத் தேதியைச் சுட்டிக்காட்டி ஆட்சியர் அலுவலகத்தில் கேள்வி கேட்கும்போது நம் குரலின் எடையே வேறு.

இன்னொன்று பாதுகாப்பு. பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒரு பெண்ணின் வாக்குமூலம் கடைக்காரரின் கணினியில் ஏன் கிடக்க வேண்டும்? சாட்சிகளின் பெயர்ப் பட்டியலை ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஏன் விட வேண்டும்? லிப்ரெஆஃபீஸில் சேமிக்கும்போதே கடவுச்சொல் போடலாம். கட்டாயம் போடுங்கள்.

லினக்ஸ் போட்டால் சாதி ஒழிந்துவிடாது. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் அதைக் கற்றுத்தரும் நேரமும் இடமும் இலவசமாகக் கிடைப்பதில்லை. அவை யாரிடம் இருக்கின்றன என்பதிலும் சாதி இருக்கிறது. அதனால்தான் இதைத் தனிநபர் திறமையாக விட்டுவிடக் கூடாது. ஊருக்கு ஊர் அம்பேத்கர் படிப்பகமும் இரவுப் பாடசாலையும் நடத்துகிறோம். அங்கே ஒரு பழைய மடிக்கணினியாவது ஓட வேண்டும். அதில் மனு எழுதத் தெரிந்தவர்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும். அதில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும்.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கினார். அண்ணல் 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கினார். நம் சொல்லை அடுத்தவர் பத்திரிகை நம் பொருளில் அச்சிடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாதிப் பெயரைத் “தகாத வார்த்தை” என்று மாற்றும் டைப்பிங் சென்டருக்கும் அதே பதில்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருப்பதை இறக்குங்கள்.