ஒரு புள்ளிக்காக மலை இறங்க வேண்டுமா?

கடுகு அளவுகூட இல்லை. ஊசி முனை அளவுதான். ஆனால் லேப்டாப்பைத் திறந்தால் கண் நேராக அங்கேதான் போகிறது!

வெள்ளைத் திரையில் ஒரு கறுப்புப் புள்ளி. இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் சிவப்பாக, பச்சையாக ஒரு பொட்டு. துடைத்தாலும் போகாது.

கடையில் கேட்டால், "புள்ளிதானே தம்பி, போகப்போக பழகிடும்" என்பார் ஒருவர். "டிஸ்பிளேயையே மாத்தணும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே அவசரப் பதில்!

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து மாணவன் பாட்டை நினைத்துப் பாருங்கள். கச்சிராயப்பாளையம் வழியாக மலை இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். அன்றைய வகுப்பு போச்சு. பஸ் காசும் போச்சு. கூட வரும் தகப்பனுக்கு அன்றைய கூலியும் போச்சு.

செத்ததா? சிக்கியதா?

1366-க்கு 768 அளவுள்ள லேப்டாப் திரையில் 10 லட்சத்து 49 ஆயிரத்து 88 பிக்சல்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உள்புள்ளிகள். ஒவ்வொரு உள்புள்ளிக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர்.

புள்ளி எப்போதும் கறுப்பாகவே கிடந்தால் அது செத்த பிக்சல். அதற்கு வைத்தியம் கிடையாது. ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருந்தால் அது சிக்கிய பிக்சல். நிறங்களை வேகமாக மாற்றிக் காட்டும் இலவச மென்பொருளை அரை மணி, ஒரு மணி நேரம் ஓடவிட்டால் சில சமயம் சரியாகும். ஆகாமலும் போகலாம். ஆனால் செலவில்லை. மலை இறங்கவும் வேண்டாம்!

வலிப்பு நோய் உள்ளவர்கள் மட்டும் அந்த மின்னலைப் பார்க்கக் கூடாது.

சிலர் ஈரத்துணியைச் சுற்றி விரலால் அழுத்துகிறார்கள். வேண்டாத வேலை. ஒரு புள்ளி போய் ஒன்பது புள்ளி வரும். கண்ணாடி விரிந்தால் வாரண்டிக்காரர் கையை விரிப்பார்.

புள்ளி திரையில்தானா என்று சந்தேகமா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் புள்ளி இல்லை என்றால் கோளாறு திரையில்தான்.

யாருக்குத் தெரியும் இந்த விதி?

ஒரு புள்ளிக்காக லேப்டாப்பை மாற்றித் தர பல கம்பெனிகள் சம்மதிப்பதில்லை. இத்தனை புள்ளி வரை பழுது இல்லை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஐ.எஸ்.ஓ. 13406-2 என்று 2001-ல் ஒரு உலகத் தரவிதி வந்தது. அதன் 2-ம் வகுப்புத் திரையில், 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் இருண்டது 2, உள்புள்ளிப் பழுது 5 வரை இருக்கலாம். பின்னாளில் வேறு விதி வந்துவிட்டது. ஆனால் "கொஞ்சம் புள்ளி இருக்கலாம்" என்ற வழக்கம் மட்டும் போகவில்லை.

இருக்கட்டும். லட்சக்கணக்கில் புள்ளி செய்யும்போது ஒன்றிரண்டு தவறும். ஆனால் அதை விற்பதற்கு முன்னால் சொல்ல வேண்டாமா? பணத்தை வாங்கிய பிறகு விதியைக் காட்டுவது என்ன நியாயம்?

என்ன செய்யலாம்?

கடைக்காரர்கள் பில் போடும் முன்பே லேப்டாப்பை ஓடவிட்டு, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறத்தையும் முழுத்திரையில் காட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. எத்தனை புள்ளிக்கு மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதித் தர வேண்டும்.

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, ஏழைப் பிள்ளைகள் மடியிலும் கம்ப்யூட்டர் வந்தது. நல்ல காரியம். இனி எப்போது கொடுத்தாலும், கொடுக்கும் இடத்திலேயே ஐந்து நிறத்தையும் காட்டிக் கொடுக்கட்டும். பழுது பார்ப்பவர்களை மாதம் ஒரு நாளாவது வெள்ளிமலைக்கு அனுப்பட்டும். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆனதன் பலன் மலைக்கும் ஏற வேண்டும்.

நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட கட்டணம் கிடையாது.

சேலையை உதறிப் பார்த்து வாங்குகிறார்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் லேப்டாப்பை மட்டும் பெட்டியைப் பிரிக்காமல் தூக்கி வருவதா?

"காட்டுங்க, பார்த்துட்டுதான் காசு" என்று கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை!