பிஞ்சுக் கைகளைக் கட்டிப்போடாதீர்!

பெற்றோர்களே! தொடக்கப் பள்ளியில் ஓவியமும் கைவேலையும் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறீர்களா? சற்றே சிந்தியுங்கள்! களிமண் பிசைந்து, காகிதம் மடித்து, ஓலை பின்னிய விரல்களுக்குத்தான் எழுதுகோல் எளிதில் வசப்படும். பின்னலில் இழை எண்ணும் பிள்ளை கணக்கும் கற்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை? அங்கே அந்த ஏற்பாடு இல்லை! ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

மார்க்கம் தடுக்கிறதே என்பர் சிலர். உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம். இலை, பூ, கட்டக் கோலங்கள், அழகிய அரபு எழுத்து இவற்றுக்கு என்ன தடை? நம் பள்ளிவாசல்களை அலங்கரிப்பவை இவைதாமே!

பத்தமடையில் கோரைப் புல்லைப் பட்டுப்போன்ற பாயாக நெய்பவர்கள் நம் சமுதாயப் பெண்கள். அந்தக் கைத்திறன் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

சமுதாயப் பள்ளி நிர்வாகிகளே! வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். கோரையும் களிமண்ணும் பெருஞ்செலவல்ல. கைத்தொழில் அறிந்த தாய்மார்களை அழைத்து, உரிய ஊதியம் தந்து கற்பிக்கச் செய்யுங்கள். தொடக்கப் பள்ளிகளுக்கும் கலை ஆசிரியர்களை நியமிக்குமாறு அரசை வலியுறுத்துவோம். அதற்கு முன், நம் பள்ளிகளில் நாமே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்!