மிஷின் நம்முடையது, லேபிள் யாருடையது?

திருமுருகன்பூண்டியில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். தையல் மிஷின் முதலாளிக்குச் சொந்தம். துணியும் நூலும் அவர் வாங்கியவை. ஆனால் பனியனின் கழுத்தில் இருக்கும் லேபிள் வெளிநாட்டு வியாபாரியுடையது. ஆர்டர் போக நூறு உருப்படி மிஞ்சிவிட்டது. அதை அந்த லேபிளோடு காதர்பேட்டையில் விற்கலாமா?

லேபிளுக்கு உடையவர் சம்மதிக்க வேண்டும். "விற்கிறவர்கள் இல்லையா?" என்று கேட்காதீர்கள். விற்பது சரியா என்பதுதான் கேள்வி.

இதே சிக்கல் கம்ப்யூட்டரிலும் உண்டு. கூலிக் கணக்கு, சரக்குக் கணக்கு, பில் ஆகியவற்றுக்குப் புரோகிராம் எழுதித் தரும் இளைஞர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1987-ல் ஜி.சி.சி. என்ற கம்பைலரை வெளியிட்டார். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் செய்யலாம். தமிழகப் பிளஸ்-2 மாணவர்களுக்காக 2019-ல் வந்த கணினி அறிவியல் புத்தகத்திலும், இதை விண்டோஸில் பயன்படுத்த உதவும் மிங்-ஜி-டபிள்யூ இடம் பெற்றது.

லைப்ரரி என்பது வேறு. இங்கே அதற்குப் புத்தகசாலை என்று பொருள் இல்லை. யாரோ முன்பே எழுதி வைத்த ஆயத்தப் பகுதி அது. பார்கோடு அச்சிட ஒன்று, படம் வரைய ஒன்று என்று பல உண்டு. சில இலவசம். சிலவற்றுக்கு விலையும் நிபந்தனையும் உண்டு.

இலவசக் கம்பைலரோடு விலை லைப்ரரியைச் சேர்க்கலாமா? தாராளமாகச் சேர்க்கலாம். ஜி.சி.சி.யின் உரிமம் அதைத் தடுக்கவில்லை. செய்த புரோகிராமை விற்பதையும் தடுக்கவில்லை. தடை வந்தால் லைப்ரரியின் பக்கமிருந்துதான் வரும். "பிரதி ஒன்றுக்கு இவ்வளவு கட்டணம்" என்று சில உரிமப் பத்திரங்கள் சொல்லும். இன்னொரு தொல்லையும் உண்டு. மைக்ரோசாப்ட் கம்பைலரில் தயாரான சி++ லைப்ரரி ஜி.சி.சி.யோடு பெரும்பாலும் ஒட்டாது. பணம் கட்டுமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐரோப்பாவில் இது பெரிய சண்டையே ஆயிற்று. 1996-ல் ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிச் கே.டி.இ. என்ற இலவசத் திரை அமைப்பைத் தொடங்கினார். அதற்கு அடிப்படை, நார்வேயின் டிரால்டெக் கம்பெனி செய்த கியூட்டி லைப்ரரி. மற்றதெல்லாம் பொதுச்சொத்து போல. அது மட்டும் கம்பெனியின் பிடியில்! கம்பெனி கையை விரித்தால் என்ன ஆகும் என்று பலர் பயந்தார்கள். 1997-ல் ஜினோம் என்ற போட்டி அமைப்பே தோன்றியது. அடுத்த ஆண்டு டிரால்டெக் இறங்கி வந்தது. இலவசக் கியூட்டி வெளியிடுவதை நிறுத்தினால், அது தளர்ந்த உரிமத்தில் எல்லாருக்கும் கிடைக்கும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். 2008-ல் நோக்கியா அந்தக் கம்பெனியையே வாங்கியது. ஒப்பந்தம் அழியவில்லை.

நம் முதலாளிமார் புரோகிராம் எழுதும் பையனிடம் விலையை மட்டும் கேட்கிறார்கள். "லைப்ரரி கம்பெனி மூடினால், எங்கள் சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு ஓடுமா?" என்றும் கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும். கல்வித் துறையும் ஒன்று செய்யலாம்: பிளஸ்-2 புத்தகத்தில் ஓர் உரிமப் பத்திரத்தைத் தமிழில் முழுதாக அச்சிட்டு, மாணவர்களை வரி வரியாகப் படிக்கச் செய்யலாம்.